ப்ரைமர் வெளிய நீட்டி நின்ன 12 தோட்டா: டெக்சாஸ் கராஜ்ல ஒரு ரீலோடிங் பேட்சை பிரிச்சு சரி பண்ண கதை

போன டிசம்பர்ல ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் தம்பி ஒருத்தன் போன் பண்ணான், கூடப்பிறந்தவன் இல்ல, இங்க டல்லாஸ் பக்கம் வந்த பிறகு பழக்கமானவன், ரீலோடிங், அதாவது சுட்ட கேஸை வச்சு வீட்லயே மறுபடி தோட்டா செய்யறது, ஆரம்பிச்சு அப்ப ஆறு மாசம்தான் ஆயிருந்துச்சு. "அண்ணே, ரேஞ்சுல இன்னைக்கு மூணு தோட்டா வெடிக்கல, ரெண்டை வெளிய எடுத்து மறுபடி போட்டு அடிச்சதும் வெடிச்சிருச்சு, ஒண்ணு மட்டும் ரெண்டாவது தடவையும் க்ளிக்னு சத்தம்தான், ப்ரைமர் டப்பாவே மோசமா இருக்குமோ"ன்னான். ரெண்டாவது அடிக்கு வெடிச்சுதுன்னு சொன்ன உடனே எனக்கு ப்ரைமர் (தோட்டா அடியில இருக்கற, பவுடரை பத்த வைக்கிற குட்டி கிண்ணம்) மேல சந்தேகம் போகல, அதை உட்கார வச்ச விதத்து மேலதான் போச்சு. மிச்சம் எத்தனை இருக்குன்னு கேட்டேன், 240 லோடு பண்ணி 60 எடுத்துட்டுப் போனேன், வீட்ல 180 இருக்குன்னான். ஒண்ணைக்கூட தொடாத, டப்பாவை மூடி வை, சனிக்கிழமை நான் வர்றேன்னு சொல்லி வச்சேன்.

படிக்கிறவங்களுக்கு முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். இது அமெரிக்காவுல நடந்தது, இங்க சொந்த உபயோகத்துக்கு வீட்ல தோட்டா ரீலோடு பண்றதுக்கு ஃபெடரல் லைசன்ஸ் தேவையில்ல, விக்கிறதுக்கு செஞ்சாதான் தேவை. இந்தியாவுல லைசன்ஸ் இல்லாம தோட்டா தயாரிக்கிறது 1959 ஆயுதச் சட்டப்படி குற்றம், அதனால ஊர்ல இருக்கறவங்க இதை விஷயம் தெரிஞ்சுக்க மட்டும் படிங்க.

ஒரு தோட்டாவுல நாலு பாகம் இருக்கு: பித்தளை கேஸ், அதுக்கு அடியில ப்ரைமர், உள்ள பவுடர், வாயில புல்லட். சுட்ட பிறகு கேஸ் மட்டும் அப்படியே கிடைக்கும், அதை எடுத்து சுத்தம் பண்ணி பழைய ப்ரைமரை தள்ளிட்டு புதுசு வச்சு பவுடர் அளந்து போட்டு புல்லட் சொருகுறதுதான் ரீலோடிங். ப்ரைமர்ங்கறது ஒரு குட்டி உலோகக் கிண்ணம், உள்ள ஒரு துளி வெடிமருந்து, பெரும்பாலும் லெட் ஸ்டிஃப்னேட்டை வச்சு செஞ்ச கலவை, அதுக்கு மேல மூணு கால் உள்ள ஆன்வில்னு ஒரு சின்ன துண்டு. ஃபயரிங் பின் கிண்ணத்தை அடிக்கும்போது மருந்து கிண்ணத்துக்கும் ஆன்விலுக்கும் நடுவுல நசுங்கணும், அப்பதான் வெடிக்கும். அப்படி நசுங்கணும்னா ஆன்விலோட கால் பாக்கெட்டோட (கேஸ் அடியில ப்ரைமர் உட்கார்ற குழி) அடித்தளத்துல போய் நல்லா ஊன்றி நிக்கணும். ப்ரைமர் பாதி வழியில நின்னுருந்தா பின் அடிக்கிற அடி அதை உள்ள தள்ளுறதுலயே செலவாயிடும், வெடிக்காது. அந்த முதல் அடியே ப்ரைமரை சரியா உட்கார வச்சிடறதால ரெண்டாவது அடிக்கு வெடிக்கும். தம்பி சொன்ன கதை அப்படியே இதுதான்.

வெடிக்காம போறது தொல்லைதான், ஆனா ஆபத்து அதுல இல்ல, ஆபத்து வேற பக்கம். அவன் துப்பாக்கி ஏஆர்-15 செமி ஆட்டோ ரைஃபிள், தோட்டா .223 ரெமிங்டன். ஏஆர்ல ஃபயரிங் பின்னைப் பிடிச்சு வைக்க ஸ்பிரிங் கிடையாது, சும்மா மிதந்துட்டு இருக்கும், போல்ட் (தோட்டாவை உள்ள தள்ளி அடைக்கிற பாகம்) வேகமா முன்னாடி போய் நிக்கும்போது பின் தன்னோட வேகத்துல போய் ப்ரைமரை லேசா தொட்டுட்டு வரும். சுடாம வெளிய எடுத்த தோட்டாவைப் பார்த்தா ப்ரைமர்ல ஊசி குத்தின மாதிரி ஒரு சின்ன குழி தெரியும், அது சகஜம். ஆனா ப்ரைமர் வெளிய நீட்டிட்டு இருந்தாலோ ரொம்ப மென்மையா இருந்தாலோ ட்ரிக்கரைத் தொடாமலேயே வெடிக்கிற வாய்ப்பு கூடும், அதுக்கு ஸ்லாம் ஃபயர்னு பேரு. ஏஆரோட ராணுவ வடிவமான எம்16 ஆரம்ப காலத்துல, 1963-64 வாக்குல, இந்த மாதிரி தானா வெடிக்கிற பிரச்சனைக்காகத்தான் அமெரிக்க ராணுவம் ஃபயரிங் பின்னோட எடையைக் குறைச்சுது. எம்1 கராண்ட்ங்கற பழைய ராணுவ ரைஃபிளும் மிதக்குற பின் உள்ளதுதான், அதை வச்சிருக்கற பழைய ஆளுங்க ப்ரைமர் உயரத்தைப் பத்தி அவ்வளவு கண்டிப்பா இருக்கறதுக்கு இதுதான் காரணம். ரிவால்வர்ல இதே தப்பு நடந்தா சிலிண்டர் சுத்தாம உரசி மாட்டிக்கும்.

சனிக்கிழமை போனேன். கராஜ்ல அவன் பெஞ்சு சுத்தமாத்தான் இருந்துச்சு, ஆனா பிரஸ் (ரீலோடு பண்ற கை மெஷின்) பக்கத்துலயே திறந்த பவுடர் டப்பாவும் இன்னொரு ப்ரைமர் டப்பாவும். முதல் வேலையா ரெண்டையும் மூடி உள் அலமாரிக்கு அனுப்பினேன். தப்பான ப்ரைமரைக் கையாளும்போது பெஞ்சு மேல அந்த ஒண்ணைத் தவிர எரியக்கூடியதும் வெடிக்கக்கூடியதும் எதுவும் இருக்கக்கூடாது. ஒரு ப்ரைமர் வெடிச்சா சத்தமும் பயமும், கண்ணாடி போட்டிருந்தா பெரும்பாலும் அதோட போகும். ஒரு ட்ரே நிறைய இருக்கறது பக்கத்துல இருந்து அதுவும் சேர்ந்து போச்சுன்னா கை விரல் போகும். ரெண்டு பேரும் சேஃப்டி கண்ணாடியும் காது மஃப்பும் போட்டுக்கிட்டோம், கண்ணாடிக்கு மேல நான் முகத்துக்கு ஷீல்டும் போட்டேன், அவன் ரெண்டு பசங்களும் வீட்டுக்குள்ள, கதவு தாழ்ப்பாள்.

அப்ப அவன் கேட்ட கேள்விதான் நான் இதை எழுதுறதுக்கே காரணம். "அண்ணே, எதுக்கு இவ்வளவு பாடு, மேல நிக்கிறதை மட்டும் எடுத்து ப்ரைமிங் டூல்ல வச்சு இன்னும் ஒரு அமுக்கு அமுக்கிட்டா உள்ள போயிடுமே?" கூடாது. எந்த சூழ்நிலையிலயும் கூடாது. காலி கேஸ்ல ப்ரைமரை அமுக்குறதும் பவுடரும் புல்லட்டும் இருக்கற முழு தோட்டாவுல அமுக்குறதும் பார்க்க ஒரே வேலை மாதிரிதான் தெரியும், ஆனா முதல்ல தப்பு நடந்தா ஒரு பட்டாசு, ரெண்டாவதுல தப்பு நடந்தா சேம்பர் (துப்பாக்கிக்குள்ள தோட்டா உட்கார்ற அறை) இல்லாம கையில வெடிக்கிற தோட்டா, சுத்தி இரும்புச் சுவர் இல்லாததால பித்தளை கிழிஞ்சு துண்டு துண்டா பறக்கும். ஏற்கனவே தடுமாறி நிக்கிற ப்ரைமரை இன்னும் பலமா அமுக்கப் போறோம், அதாவது வெடிக்கிற வாய்ப்பு வழக்கத்தை விட கூடுதலா இருக்கற வேலையை விளைவு மிக மோசமா இருக்கற இடத்துல செய்யறோம். லோடு ஆன தோட்டாவுல ப்ரைமரை சரி பண்றதுன்னு ஒரு வேலையே கிடையாது, முதல்ல அதை தோட்டாவா இல்லாம ஆக்கணும், அதாவது புல்லட்டை உருவி பவுடரைக் கொட்டணும், அப்புறம்தான் ப்ரைமரைப் பத்தி பேச்சு.

அவன் ஒத்துக்கிட்டான், ஆனா முகத்துல அரை மனசு தெரிஞ்சுது.

அளவு என்னன்னு பார்ப்போம். ப்ரைமர் கேஸோட அடிப்பக்கத்துக்கு சமமா இல்லன்னா கொஞ்சம் உள்ள இருக்கணும், வெளிய நீட்டக்கூடாது. ரீலோடு பண்றவங்க பொதுவா குறி வைக்கிறது 0.003லேர்ந்து 0.005 இன்ச் உள்ள, ஒரு தலைமுடி தடிமன் அளவுன்னு வச்சுக்கலாம். கண்ணால நம்பி சொல்ல முடியாத அளவு, ஆனா விரல் நுனிக்கு நல்லாவே தெரியும். நாங்க மூணு வழியில பார்த்தோம்: முதல்ல விரலால தடவினோம், அப்புறம் ஸ்டீல் ஸ்கேலோட ஓரத்தை கேஸ் அடியில மெதுவா படுக்க வச்சு வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சு ஆடுதான்னு பார்த்தோம், சந்தேகமானதை காலிப்பர்ங்கற அளவெடுக்கிற கருவியோட ஆழம் பார்க்கற கம்பியால ரொம்ப லேசா தொட்டு அளந்தோம். தோட்டாவை எங்கயும் தட்டவோ ப்ரைமர் கீழ வர்ற மாதிரி பெஞ்சு மேல நிறுத்தவோ இல்ல, ப்ரைமர் மேல பார்த்த மாதிரி ட்ரேயில வரிசையா.

180ல 151 சரியா இருந்துச்சு. 17 சரிசமமா நின்னுச்சு, ஸ்கேல் ஆடல, ஆனா உள்ளயும் போகல. 12 வெளிய நீட்டிட்டு இருந்துச்சு, அதுல ஒண்ணு சாய்ஞ்சு, ஒரு பக்கம் உள்ள மறு பக்கம் வெளிய. இது போக ரேஞ்சுல வெடிக்காம திரும்பி வந்த அந்த ஒண்ணு. அப்புறம் அவன் இன்னொரு டப்பா எடுத்துட்டு வந்தான், ப்ரைமர் மட்டும் போட்டு பவுடர் போடாம விட்ட 40 கேஸ். அதுல 35 நல்லா இருந்துச்சு, 3 மேல நின்னுச்சு, ஒண்ணுல ப்ரைமர் பக்கவாட்டுல நசுங்கி உட்கார்ந்திருந்துச்சு, இன்னொண்ணுல தலைகீழா, ஆன்வில் வெளியப் பார்த்துட்டு இருந்துச்சு. அந்த தலைகீழைப் பார்த்த பிறகுதான் அவன் சொன்னான், அன்னைக்கு போன்ல கிரிக்கெட் மேட்ச் ஓடிட்டு இருந்துச்சாம்.

காரணம் தேட நீட்டிட்டு இருந்த 12 தோட்டாவோட ஹெட்ஸ்டாம்பை, அதாவது கேஸ் அடியில பொறிச்ச முத்திரையை படிச்சோம். 9ல எல்சின்னு முத்திரை, அதாவது லேக் சிட்டி, மிசௌரி மாநிலத்துல இருக்கற ராணுவ தோட்டா ஆலை. ராணுவ தோட்டாவுல ப்ரைமர் கழண்டு விழுந்து துப்பாக்கிக்குள்ள மாட்டாம இருக்க ப்ரைமரைச் சுத்தி பித்தளையை அமுக்கி விட்டிருப்பாங்க, அதுதான் க்ரிம்ப். அந்த அமுக்கின விளிம்பை எடுக்காம புது ப்ரைமர் போட்டா வாசல்லயே மாட்டும், மாட்டினதை பலத்தால தள்ளினா நசுங்கும், சாயும், பாதியில நிக்கும். தம்பி எடுக்காம இல்ல, ஆனா கேஸ் வாய் சரி பண்ற சேம்ஃபர் டூலை வச்சே கையால நாலு சுத்து சுத்தி எடுத்திருக்கான், ஒண்ணுல நல்லா எடுபட்டிருக்கு இன்னொண்ணுல அரைகுறை. ரேஞ்சுல பொறுக்கின கேஸ்ல ராணுவமும் சிவிலியனும் கலந்து கிடக்கறதால எது க்ரிம்ப் எது இல்லன்னு அவனுக்கே கணக்கு இல்ல. மிச்சம் மூணுல ரெண்டு க்ரிம்ப் இல்லாத சாதாரண கேஸ்தான், அதுல என்ன தடுத்துச்சுன்னு வெளியிலேர்ந்து தெரியல, ஆனா ப்ரைமர் போடறதுக்கு முன்னாடி அவன் எந்த பாக்கெட்டையும் சுரண்டவே இல்ல, பழைய கரி கட்டியா அடியில இருந்தா ஆன்வில் கால் அதுமேலதான் நிக்கும். சாய்ஞ்சு நின்ன ஒண்ணுக்கு எனக்குத் தெரிஞ்ச காரணம் அவசரம்.

ப்ரைமர் அளவு மாறினா கூட இதே மாதிரி ஆகும், அதனால அதையும் பார்த்தோம். ஸ்மால் சுமார் 0.175 இன்ச் விட்டம், லார்ஜ் சுமார் 0.210, அதனால அது ரெண்டும் மாறினா உடனே தெரிஞ்சிடும். லார்ஜ் ரைஃபிள் ப்ரைமரை லார்ஜ் பிஸ்டல் பாக்கெட்ல போட்டா விட்டம் ஒண்ணுதான், ஆனா உயரம் கூட, அதனால மேல நிக்கும், இதுல மாட்டினவங்க நிறைய பேர். ஸ்மால் பிஸ்டலும் ஸ்மால் ரைஃபிளும் அளவுல ஒண்ணு போல இருக்கும், ஆனா பிஸ்டல் கிண்ணம் மெல்லிசு, அதை .223ல போட்டா அழுத்தத்துக்கும் தாங்காது, மிதக்குற பின்னுக்கும் ஆகாது. தம்பி போட்டது ஸ்மால் ரைஃபிள்தான், டப்பாவைப் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டோம்.

அடுத்தது புல்லட்டை உருவுறது. சுத்தியல் மாதிரி தட்டி எடுக்கற புல்லர் அவன்கிட்ட இருந்துச்சு, ஆனா ப்ரைமர் நீட்டிட்டு இருக்கற தோட்டாவை எதுலயும் வச்சு தட்டறதுல எனக்கு உடன்பாடு இல்ல, அதனால என் காலெட் புல்லரை எடுத்துட்டுப் போயிருந்தேன். அது பிரஸ்ல மாட்டற டை, புல்லட்டை மேலேர்ந்து கவ்விப் பிடிச்சுக்கும், பிரஸ் கைப்பிடியை திருப்பினா கேஸ் மட்டும் கீழ இறங்கும், அதிர்ச்சி எதுவும் இல்ல. ஷெல் ஹோல்டர் கேஸோட விளிம்பைத்தான் பிடிக்கும், நடுவுல ஓட்டை இருக்கறதால ப்ரைமர் மேல எதுவும் படாது. 55 கிரெய்ன் எடையுள்ள புல்லட் சின்னது, ரெண்டு மூணு வழுக்குச்சு, காலெட்டை இன்னும் கொஞ்சம் கீழ இறக்கிப் பிடிச்சதும் வந்துருச்சு. நீட்டிட்டு இருந்த 12ஐயும், சரிசமமா நின்ன 17ஐயும், ரேஞ்சுலேர்ந்து வந்த ஒண்ணையும் ஒண்ணு விடாம உருவினோம். 17ஐ விட்டுடலாமேன்னு அவன் கேட்டான், சமமா இருக்கறது வரம்புக்குள்ளதானேன்னு. வரம்புக்குள்ளதான், போல்ட் ஆக்ஷன் ரைஃபிளா இருந்தா நானும் விட்டிருப்பேன், ஆனா பின் மிதக்குற துப்பாக்கியில, அதுவும் ஒரே பேட்ச்ல 12 வெளிய நிக்கும்போது, சமமா நிக்கிறதும் முழுசா ஊன்றாம நிக்கிறதுதான்னு எடுத்துக்கறதுதான் நியாயம்.

கொட்டின பவுடரை திரும்ப டப்பாவுல ஊத்த விடல. ஒரே லாட்தான், கலப்படம் இல்லன்னு அவன் சொன்னான், இருந்தாலும் பித்தளைத் துகள் கலந்திருக்கலாம், இவ்வளவு கொஞ்சத்துக்கு அந்த சந்தேகம் வேண்டாம்னு தோட்டத்து மண்ல மெல்லிசா தூவி விட்டோம்.

இப்ப கையில இருக்கறது ப்ரைமர் மட்டும் உள்ள காலி கேஸ். இந்த நிலையிலதான் திரும்ப அமுக்கலாம், அதுவும் ஒவ்வொண்ணா, கையால அமுக்குற ப்ரைமிங் டூல்ல, டூலோட ட்ரேயில வேற ப்ரைமர் ஒண்ணுகூட இல்லாம, கேஸ் வாயை முகத்துக்கும் இன்னொரு கைக்கும் விலக்கி வச்சு, மெதுவா, ஒரே சீரா. தட்டக்கூடாது, வெட்டி வெட்டி அமுக்கக்கூடாது, ப்ரைமர் அடிக்குத்தான் பயப்படும், மெதுவான அழுத்தத்துக்கு ரொம்பவே தாங்கும். கையில ஒரு வித்தியாசம் தெரியும்: சரியா போற ப்ரைமர் வழுக்கிட்டு போய் அடியில டொக்குனு நிக்கும். க்ரிம்ப்ல மாட்டினது ரப்பரை அமுக்குற மாதிரி இருக்கும், கொடுக்கற பலம் எங்க போகுதுன்னே தெரியாது. அப்படித் தெரிஞ்சா அங்கயே கையை எடுத்துடணும், அதுக்கு மேல கொடுக்கற பலம் கிண்ணத்தை நசுக்கும், மருந்தை நசுக்கும்.

12ல சாய்ஞ்சதை முயற்சியே பண்ணல, நேரா டட் (இனி ஆகாதுன்னு ஒதுக்கினது) பக்கம் வச்சோம். மிச்சம் 11ல 5 நல்லா உள்ள போச்சு, 6 மறுத்துடுச்சு. 17ல 14 உள்ள போச்சு, 3 மறுத்துச்சு. ப்ரைமர் மட்டும் போட்ட கேஸ்ல மேல நின்ன 3ல 2 போச்சு, 1 மறுத்துச்சு. பக்கவாட்டுல நசுங்கினது, தலைகீழ், ரேஞ்சுல வெடிக்காதது மூணையும் அமுக்க யோசிக்கவே இல்ல. ஆக மொத்தம் டட் 14.

இந்த 14ஐ என்ன பண்றதுங்கறதுலதான் ரீலோடு பண்றவங்களுக்குள்ள ரெண்டு கட்சி. உயிரோட இருக்கற ப்ரைமரை டீகேப்பிங் டையால மெதுவா தள்ளி எடுக்கறவங்க நிறைய பேர் இருக்காங்க, பல வருஷமா செய்யறேன் ஒண்ணும் ஆகலன்னு சொல்வாங்க, இருக்கலாம். ப்ரைமர் செய்யறவங்க அதை செய்யாதீங்கன்னுதான் எச்சரிக்கிறாங்க. நான் செய்ய மாட்டேன், காரணம் சின்ன கணக்கு, ஒரு தடவை சுட்ட .223 கேஸ் சில சென்ட்டுக்கு கிடைக்குது, 14 கேஸைக் காப்பாத்தி என்ன ஆகப் போகுது. நசுங்கின ப்ரைமர்ல மருந்து எப்படி நொறுங்கி நிக்குதுன்னு வெளியிலேர்ந்து பார்க்கவும் முடியாது. இன்னும் சிலர் எண்ணெய்லயோ துரு எடுக்கற ஸ்ப்ரேயிலயோ ஊற வச்சா செத்துடும்னு சொல்வாங்க, அதை நம்பாதீங்க. இப்ப வர்ற ப்ரைமர்ல மருந்து மேல பூச்சு இருக்கு, ஊறினதுல சிலது சாகும் சிலது சாகாது, எது செத்துச்சுன்னு பார்த்து சொல்ல வழி இல்ல, அதனால ஊறினதையும் உயிரோட இருக்கறதாத்தான் நினைச்சு கையாளணும், அப்ப ஊற வச்சு என்ன பிரயோஜனம்.

நாங்க பண்ணது, ரேஞ்சுக்கு முன்கூட்டி போன் பண்ணி வெடிக்காத தோட்டா போடற டப்பா இருக்கான்னு கேட்டோம், இருக்குன்னாங்க, ப்ரைமர் மட்டும் உள்ள கேஸும் நசுங்கினதும் இருக்குன்னு தெளிவா சொன்னோம், எடுத்துக்கறோம்னு சொன்ன பிறகு ஒவ்வொண்ணையும் தனித்தனியா அட்டைப்பெட்டி குழியில வச்சு, ஒண்ணோட ஒண்ணு உரசாம, மேல குறிப்பு எழுதி கொண்டு போய் கொடுத்தோம். கண்ணாடி ஜாடியில மொத்தமா கொட்டி வைக்கிறது ரொம்ப தப்பு, ஒண்ணு போனா எல்லாம் சேர்ந்து போகும், கூடவே ஜாடியும் துண்டாகும். புது ப்ரைமரையும் அது வந்த டப்பாவை விட்டு வெளிய எடுக்கக்கூடாதுன்னு சொல்றது இதனாலதான், அந்த டப்பாவுல ஒவ்வொண்ணும் தனி இடத்துல இருக்கும்.

வேலை முடிய சாயங்காலம் அஞ்சு மணி ஆயிருச்சு. காபி குடிக்கப் போறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் சோப்பு போட்டு கை கழுவினோம், ப்ரைமர் மருந்துல ஈயம் இருக்கு, பழைய ப்ரைமர் தூசியிலயும் இருக்கு, சின்னப் பசங்க இருக்கற வீட்ல அந்தக் கையோட எதையும் தொடக்கூடாது.

ரேஞ்சுல அவன் பண்ண ஒரு விஷயத்தையும் அப்பத்தான் பேசினோம். முதல் தோட்டா வெடிக்காதப்போ 30 செகண்ட் துப்பாக்கியை டார்கெட் பக்கமே பிடிச்சுட்டு காத்திருந்தான், தாமதமா வெடிக்கலாம்ங்கற பயத்துல, அது சரி. ஆனா அதையே திரும்ப சேம்பர்ல போட்டு போல்ட்டை வேகமா விட்டது சரியில்ல, ஏன் வெடிக்கலன்னு தெரியாத ப்ரைமரை மிதக்குற பின் முன்னாடி மறுபடி நிறுத்தின மாதிரி ஆச்சு. முதல் தோட்டாவுலயே நிறுத்தி மிச்சத்தை விரலால தடவிப் பார்த்திருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்.

அடுத்த மாசம் அவன் பெஞ்சுல நாலு மாற்றம். க்ரிம்ப் எடுக்க பெஞ்சுல மாட்டற ஸ்வேஜர் வாங்கினான், அது பித்தளையை வெட்டாம உள்ளேர்ந்து அமுக்கி விளிம்பை ஒதுக்கிடும், கை ரீமர் மாதிரி அதிகமா சுரண்டி பாக்கெட்டை லூஸ் ஆக்குற பயம் குறைவு. ராணுவ கேஸை தனி டப்பாவுக்கு பிரிச்சான். பாக்கெட் சுரண்ட பிரஷ் வந்துச்சு. ப்ரைமர் சிசிஐ 41க்கு மாறினான், ராணுவ பாணி செமி ஆட்டோ துப்பாக்கிக்குன்னே லேசான தட்டுக்கு வெடிக்காத மாதிரி செஞ்ச ஸ்மால் ரைஃபிள் ப்ரைமர், லார்ஜ்ல அதுக்கு இணையா 34 இருக்கு. ப்ரைமரை மாத்தினதால லோடை (பவுடர் அளவை) திரும்ப குறைச்சலேர்ந்து ஆரம்பிச்சு ஏத்திட்டு வரணும்னு சொன்னேன், அதையும் செஞ்சான். போன் இப்ப கராஜுக்குள்ள வர்றதில்ல.

இன்னொண்ணு, அவன் தானா கண்டுபிடிச்சது. ப்ரைமர் போட்ட உடனே ஒவ்வொரு கேஸையும் விரலால தடவிட்டுத்தான் ட்ரேயில வைக்கிறான், பவுடர் போடறதுக்கு முன்னாடி முழு ட்ரேயையும் டார்ச் வெளிச்சத்துல ஒரு தடவை பார்க்கறான். பவுடர் போடறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சா சரி பண்ண அரை நிமிஷம், பின்னாடி கண்டுபிடிச்சா ஒரு சனிக்கிழமைன்னு அவனே சொன்னான். போன வாரம் 100 கேஸ் பேட்ச்ல ஒண்ணு லேசா ரப்பர் மாதிரி இருந்துச்சாம், கையை எடுத்துட்டு அதை தனியா வச்சு போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். ஹெட்ஸ்டாம்ப் எல்சி, ஸ்வேஜ் பண்ணாத கேஸ் ஒண்ணு தப்பி வந்திருக்கு.

"இதை ரேஞ்சு டப்பாவுல போட்டுடறேன் அண்ணே"ன்னு கீழ எழுதியிருந்தான்.